கண்ணாடித் தொட்டியில் கெளுத்தி

பிச்சாட்டூரில் ஆரணியாற்று நீர்த்தேக்கத்தை அடுத்து வளர்ந்த அன்பர்களுக்குக் கெளுத்தியை அறிமுகம் செய்தல் வேண்டா. கையிற் பிடித்தவுடன் முள்ளை விரித்துக் 'கிர்' என்று ஒலிக்கும் அச்சிறு மீனைக் குழம்புச் சட்டியில்தான் நாம் மிகுதியும் கண்டிருக்கிறோம். அயல்நாட்டில் வாழும் நம் குழந்தைகள் அதனைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க ஆசைப்படுகின்றனர் என்று கேட்டபோது மகிழ்ந்தோம். சிறிது கவலையும் கொண்டோம்.

உடலில் நெடுங்கோடுகளும், செவுளின் பின்னே ஒரு கரும்புள்ளியும் உடைய இனத்தையே இங்குக் குறிக்கிறோம். ஜெர்மானிய அறிஞர் பிளோக் 1794-இல் இதற்குப் பெயரிட்டது, நமது தரங்கம்பாடியிற் கிடைத்த மீனைக் கொண்டேயாம்.

கெளுத்தி இரவில் உலவும் உயிர். பளீரென்ற விளக்கின் கீழ், ஒளிந்துகொள்ள இடமின்றி விட்டால் அது அஞ்சி ஒடுங்கி, உணவையும் மறுத்துவிடும். மட்பானை ஓடும் மரவேரும் இட்டு, அடியில் வழவழப்பான மணல் பரப்புக. கூர்ங்கற்கள் அதன் நான்கு இணை மீசைகளைத் தேய்த்துவிடும். இருளில் இரை தேடுவதற்கு அம்மீசைகளே அதற்குத் துணை. விளக்கணைத்த பின்னர், அடியில் அமிழும் உணவை இடுதல் நன்று. சிறு மீன்களை உடன் விடுவோர், விடியலில் அவற்றை எண்ணிப் பார்த்து வருந்த நேரும்!

குளிர்நாட்டில் வெப்பமூட்டியால் நீரை ஏறக்குறைய 25 பாகையில் வைத்தல் வேண்டும். குழாய்நீரிலுள்ள குளோரின் மீனைக் கொல்லும். நீரை ஒருநாள் திறந்து வைத்தால் அது நீங்கும். ஆனால் பல நகரங்களிற் கலக்கும் குளோரமின் அவ்வாறு நீங்காது, அதற்குரிய மருந்து கடையிற் கிடைக்கும். செதிலற்ற மீனாதலின் உப்பையும் செம்பு மருந்தையும் அளவின்றிச் சேர்த்தல் ஆகாது. இடம் மாற்றுகையில் வலை வேண்டா, முள் சிக்கிக்கொள்ளும். குவளையால் முகந்து எடுங்கள்.

ஊரிலிருந்து மீனைப் பையிலிட்டுக் கொணர எண்ணாதீர்கள். குடியேறிய நாட்டின் சட்டத்தை விசாரித்து, கடையிலேயே வாங்குங்கள். சலித்துப்போயிற்று என்று ஆற்றில் விடுதலோ பெரும்பிழை. ஆசியாவிலிருந்து சென்ற நடக்கும் கெளுத்தி, 1960-களில் புளோரிடாவின் நீர்நிலைகளிற் புகுந்து பரவிவிட்டது. நம் நாட்டிலும், தொட்டியின் பாசியைத் தின்பதற்காக வாங்கிய தென்னமெரிக்க 'டேங்க் கிளீனர்' மீன் ஏரிகளிற் பெருகி, மீனவர் வலைகளைக் கிழிக்கின்றது. வளர்க்க இயலாதவர் விற்ற கடைக்காரரிடமோ, தொட்டி வைத்திருக்கும் மற்றோர் அன்பரிடமோ மீனைச் சேர்ப்பித்துவிடலாம்.