டோக்கன் யாருடையது?

பெரிய ஜவுளிக் கடையில் நுழைந்ததும் பையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் தருவார்கள். டோக்கனில் வெறும் எண்தான். பை கடையிடம் இருக்கும். வெப்சைட் நம் போனில் போட்டுவைக்கும் குக்கீயும் பெரும்பாலும் அப்படி ஓர் எண்தான். அடுத்த முறை போகும்போது பிரவுசர் அதை நீட்டும். தளம் நம்மைக் கண்டுகொள்ளும்.

இது தேவையான ஏற்பாடு. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனாலே வெப்சைட்டுக்கு நம்மை மறந்துபோகும். கூடையில் போட்ட பொருள் காணாமல் போகாதிருக்க 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மோன்டுல்லி கண்டுபிடித்த வழி இது. குக்கீ இல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் பாஸ்வேர்டு போட வேண்டியிருக்கும்.

சிக்கல் வேறு இடத்தில். அம்மாவுக்காக முழங்கால் பெல்ட் ஒன்றைப் பார்த்தேன், வாங்கவில்லை. மறுநாள் வத்தக்குழம்பு செய்முறை தேடிப் போன பக்கத்தில், புளிக்கரைசலுக்கும் தாளிப்புக்கும் நடுவில் அதே பெல்ட், அதே நீல நிறம். இரண்டு தளங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் இரண்டிலும் ஒரே விளம்பர நிறுவனம் இடம் பிடித்திருந்தால், அது தன் டோக்கனை அங்கே கொடுத்து இங்கே வாங்கிப் பார்த்துவிடும். இதுதான் மூன்றாம் தரப்புக் குக்கீ. நகைக்கடன், கருத்தரிப்பு மருத்துவம், வேலை தேடல் என்று வீட்டாரிடம்கூடச் சொல்லாததெல்லாம் ஒரே எண்ணின் கீழ் சேர்ந்துகொண்டே போகும். நம் பெயர் தெரியாமலே நம் கவலைகள் தெரிந்துவிடும். இதை வெறும் விளம்பரத் தொல்லை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஐரோப்பாவில் இத்தகைய குக்கீ போடுமுன் தளங்கள் சம்மதம் கேட்டாக வேண்டும். ஏற்பது ஒரே தட்டு, மறுப்பதோ பல தட்டு என்று வைத்ததற்காக, பிரான்சின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2021 டிசம்பர் இறுதியில் கூகுளுக்கு 15 கோடி யூரோ அபராதம் விதித்தது. சஃபாரி பிரவுசர் 2020 முதல் மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தானாகவே தடுக்கிறது. கூகுளின் குரோமும் அவற்றை நிறுத்தப்போவதாக அதே ஆண்டு அறிவித்து, பிறகு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

ஆகவே குரோம் வைத்திருப்பவர்கள் தாங்களேதான் தடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் மூன்று புள்ளியைத் தட்டி, அமைப்புகளில் தள அமைப்புகளுக்குப் போனால் மூன்றாம் தரப்புக் குக்கீகள் என்று இருக்கும். தடுத்த பிறகும் பெரும்பாலான தளங்கள் வழக்கம்போல் திறக்கும். ஏதாவது ஒன்று முரண்டு பிடித்தால் அதற்கு மட்டும் அனுமதி தரலாம்.