கம்ப்யூட்டரையும் கொஞ்சம் தூங்க வையுங்கள்!

ஆளில்லாத கூடத்தில் ஃபேன் சுற்றினால் ஓடிப் போய் அணைக்கிறோம். விடிந்த பிறகும் கொல்லைப்புற விளக்கு எரிந்தால் மனசு கேட்பதில்லை. ஆனால் மேஜை மேல் இருக்கிற கம்ப்யூட்டர்? பிள்ளைகள் எழுந்து போய் வெகுநேரமாகியிருக்கும். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். 'தொட்டால் ஏதாவது கெட்டுவிடும், நமக்கேன் வம்பு' என்று நாமும் விலகிப் போய்விடுகிறோம்.

தமிழக அரசு 2011-ல் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியதிலிருந்து, எங்கள் செங்கோட்டையிலும் சாதாரண வீடுகளுக்குள் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. 2020-ல் கொரோனாவினால் பள்ளிக்கூடமே வீட்டுக்குள் வந்தபோது அது இன்னும் நெருங்கிப் போயிற்று. இனி மிக்ஸி, கிரைண்டர் போல அதையும் நாம்தான் கவனித்துக்கொள்ள வேண்டும்.

கணக்குப் பார்ப்போமா?

மேஜைக் கம்ப்யூட்டர் திரையோடு சேர்த்து, சும்மா இருக்கும்போதே சுமார் 80 வாட் இழுக்கும். ஒரு பழைய ஃபேன் ஓடுவது போலத்தான். தினம் 10 மணி நேரம் இப்படிச் சும்மா ஓடினால், இரண்டு மாதத்தில் 48 யூனிட். அதே நேரம் தூங்க வைத்திருந்தால் 2 யூனிட்கூட ஆகாது. லாப்டாப் இதில் கால் பங்குதான் இழுக்கும்.

'46 யூனிட்தானே' என்று நினைக்காதீர்கள். நம் மாநிலத்தில் கட்டணம் படிப்படியாக ஏறுகிறதல்லவா? 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஆனால் 1,958 ரூபாய்! அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். ஏனென்றால் 500-ஐத் தாண்டியதும் கீழ்ப்படியில் கிடைத்த மலிவும் கைவிட்டுப் போகிறது. 520 யூனிட் ஆகிற வீட்டில் 46 குறைந்தால் அன்றைய கணக்கில் 541 ரூபாய் மிச்சம். 300 யூனிட் ஆகிற வீட்டில் 207 ரூபாய். அதற்குப் பிறகு கட்டணம் ஏறியிருக்கிறது. உங்கள் வீடு எந்தப் படியில் நிற்கிறது என்று ஈ.பி. கார்டைப் பார்த்தால் தெரியும்.

பிடுங்கவும் வேண்டாம்!

எதிர்வீட்டு மதினிக்கும் அவர் மகனுக்கும் இதனால் ஒரு நாள் பெரிய சண்டை. பையன் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறான். "ஆளில்லாத ரூம்ல எரியுதேன்னு ப்ளக்கைப் பிடுங்கினேன். அதுக்கு என்ன பேச்சுப் பேசுதான் பாரு" என்றார் மதினி. "அத்தை, ரெண்டு நாளா அடிச்ச நோட்ஸ் பூரா போச்சு. இனி ஒரு ஆளும் இதைத் தொடக் கூடாது" என்றான் அவன். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. நடுவில் ஒரு வழி உண்டு என்பதுதான் இருவருக்கும் தோன்றவில்லை.

அந்த நடுவழிதான் 'ஸ்லீப்'. திரை, விசிறி எல்லாம் அடங்கிவிடும். திறந்து வைத்த வேலையைக் கம்ப்யூட்டர் மெமரியில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்கு மட்டும் துளி கரண்ட் எடுக்கும். ஒரு பட்டனைத் தட்டினால் சில விநாடிகளில் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். மதினியே இப்போது இதைச் செய்கிறார்.

சாரல் காலத்தில் கவனம்

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் ஆரியங்காவுக் கணவாய்க் காற்று பேயாக வீசும். கிளை முறிந்து கம்பியில் விழும், கரண்ட் போகும். மேஜைக் கம்ப்யூட்டர் தூங்கும்போது கரண்ட் போனால் மெமரியில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். ஆகையால் முதலில் 'சேவ்', பிறகுதான் 'ஸ்லீப்'. அல்லது 'ஹைபர்நேட்' என்று ஒன்று உண்டு. அது வேலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு முழுவதும் அணைந்துவிடும். எழுப்பக் கொஞ்சம் நேரமாகும். ஆனால் கரண்ட் போனாலும் பயமில்லை. லாப்டாப்பில் பேட்டரி நன்றாக இருந்தால் இந்தக் கவலை குறைவு.

ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்கு மட்டும் ஸ்லீப் போதாது. முறைப்படி ஷட் டவுன் செய்து, ப்ளக்கையே கழற்றிவிடுங்கள்.

நீங்களே செய்யலாம்

1. விண்டோஸ் கம்ப்யூட்டரானால் செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் பவர் என்று தொடங்கும் பகுதிக்குப் போங்கள். திரை 5 நிமிடத்திலும் கம்ப்யூட்டர் 15 நிமிடத்திலும் தானே தூங்கும்படி வைத்துவிடுங்கள். பிறகு யாரும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை.

2. திரையில் மீன் நீந்துவதும் பூ விரிவதும் மிச்சமல்ல. ஸ்கிரீன் சேவர் என்பது பழைய கண்ணாடிக் குழாய்த் திரையில் தழும்பு விழாமலிருக்க வந்தது. கரண்ட் ஆகிக்கொண்டேதான் இருக்கும்.

3. 'அணைத்து அணைத்துப் போட்டால்தான் நிறைய இழுக்கும்' என்பார்கள். அப்படியில்லை. மறுபடி தொடங்க ஆகிற கரண்ட், சில நிமிடம் சும்மா ஓடுகிற அளவுதான்.

4. சாப்பாட்டுக்கோ கடைக்கோ எழுந்தால் ஸ்லீப். ராத்திரி படுக்கப் போனால் ஷட் டவுன்.

5. ஷட் டவுன் ஆன பிறகு பிரிண்டர், ஸ்பீக்கர், யு.பி.எஸ். எல்லாவற்றின் ஸ்விட்சையும் அணையுங்கள். கம்ப்யூட்டர் தூங்கினாலும் இவை தூங்குவதில்லை.

பிள்ளைகளைத் திட்டிச் செய்ய வைப்பதைவிட, "அந்த பவர் செட்டிங்கை எனக்குக் காட்டேன்" என்று பக்கத்தில் உட்காருங்கள். ஐந்து நிமிட வேலைதான். அடுத்த முறை ரீடிங் எடுத்துவிட்டுப் போனதும், பழைய கணக்கையும் புதியதையும் பக்கத்தில் வைத்து அவர்களையே கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.