நமுத்துப்போன கச்சேரி

தூத்துக்குடி மக்ரூனுக்கு மூன்றே பொருள்கள் போதும்: முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. நுரைபொங்க அடித்து, காகிதக் கூம்பில் நிரப்பி, சங்கு போலச் சுருட்டிப் பிழிந்து அடுப்புக்குள் தள்ளுகிறார்கள். அடுப்பில் சூடு குறைவு. மணிக்கணக்கில் அந்த இளஞ்சூட்டில் கிடந்து, கலவையின் ஈரம் மெல்ல வெளியேறுகிறது. எடுத்த கையோடு டப்பாவில் போட்டு மூடியை இறுக்க வேண்டும். இல்லையென்றால் கடற்காற்று அதைச் சும்மா விடாது; நமுத்துப் போகும்.

உலகப் புகழ்பெற்ற ஒரு ராக் குழுவின் பழைய கச்சேரி நாடாக்கள் சிலவற்றையும் கிட்டத்தட்ட இதே பக்குவத்தில்தான் காப்பாற்றினார்கள். நமுத்துப் போயிருந்த நாடாக்களை இளஞ்சூட்டில் வைத்து, ஈரத்தை விரட்டி, பிறகுதான் ஓடவிட்டார்கள். நாடா எப்படி நமுக்கும்? இசை எங்கே போய் ஒளிந்திருந்தது? ஒரே ஒரு கிட்டார் தந்தியின் ஒலியைப் பின்தொடர்ந்தால் விடை கிடைக்கும்.

அந்தக் குழு லெட் செப்பெலின். மின்கிட்டாரின் கரகரப்பும் இடிபோன்ற டிரம்ஸும் சேர்ந்த ‘ஹார்ட் ராக்’ பாணிக்கு வழிவகுத்த நால்வரில் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ். 1972 ஜூன் 25 அன்று லாஸ் ஏஞ்சலிஸிலும், 27 அன்று அருகிலுள்ள லாங் பீச்சிலும் அவர்கள் வாசித்தார்கள். தங்கள் குழு உச்சத்தில் இருந்த காலம் அதுதான் என்பது பேஜின் கருத்து. ஆனால் அந்த இரண்டு இரவுகளின் முறையான இசைத்தொகுப்பு ‘ஹவ் த வெஸ்ட் வாஸ் வன்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது 2003 மே மாதத்தில். இடையில் 31 ஆண்டுகள். டிரம்ஸ் வாசித்த ஜான் பான்ஹம் 1980லேயே இறந்துவிட்டார், குழுவும் கலைந்துவிட்டது.

இப்போது தந்தியைத் தட்டுவோம். மின்கிட்டாரின் எஃகுத் தந்திக்குக் கீழே சிறு காந்தங்கள் உண்டு. அவற்றைச் சுற்றி, தலைமுடி அளவே தடிமனுள்ள செப்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் கலைகிறது. கலைந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்தின் பக்கத்தில் புகைபோக்கிகளோடு நிற்கும் நம் அனல்மின் நிலையமும் இந்த விதியில்தான் ஓடுகிறது. அங்கே ஐந்து இயந்திரங்கள் சேர்ந்து 1,050 மெகாவாட் தரும்படி நிறுவப்பட்டவை. இங்கே பிறப்பது ஒரு வோல்ட்டுக்கும் குறைவான சிணுங்கல். விதி ஒன்றே, அளவுதான் வேறு.

அந்தச் சிணுங்கலை ஆம்ப்ளிஃபயர் பெருக்குகிறது. அதன் சக்திக்கு மீறிப் பெருக்கச் சொன்னால் என்ன ஆகும்? ஒலியலையை வரைந்து பார்த்தால் வளைந்த மேடும் பள்ளமுமாக இருக்கும். ஆம்ப்ளிஃபயரால் எட்ட முடியாத உயரம் வந்ததும் மேடுகளின் உச்சி சீவப்பட்டு மொட்டையாகிறது. அப்படி மொட்டையான அலைக்குள், மூல ஒலியைப் போல மூன்று மடங்கு, ஐந்து மடங்கு வேகத்தில் அதிரும் புது ஒலிகள் தாமாகவே முளைக்கின்றன. இவற்றுக்கு ‘மேலதிர்வுகள்’ என்று பெயர். பொறியாளர்கள் கோளாறு என்று ஒதுக்கிய அந்தக் கரகரப்பையே ஹார்ட் ராக் தன் குரலாக்கிக் கொண்டது.

அடுத்து ஒலியைப் பிடிக்க வேண்டும். இரண்டு பேர் சாதாரணமாகப் பேசினால் ஏறத்தாழ 60 டெசிபல். ராக் மேடையில் 110ஐத் தாண்டும். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும் என்பதால், வித்தியாசம் ஒரு லட்சம் மடங்கு. இந்தப் பிரளயத்தில் கிட்டாரை மட்டும் எப்படித் தனியே பிடிப்பது? ஸ்பீக்கரின் வாயருகே, நாலு விரல் கடை தூரத்தில் மைக்கை நிறுத்தினால் போதும். அவ்வளவு நெருக்கத்தில் மற்றதெல்லாம் அதற்கு எட்டத்து இரைச்சல்தான். இப்படி ஒவ்வொரு கருவிக்கும், ஒவ்வொரு டிரம்முக்கும் தனித்தனி மைக்.

ஒவ்வொரு மைக்கின் கம்பியும் வழியில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அரங்கின் ஒலிபெருக்கிக்கு. இன்னொன்று வெளியே நிற்கும் லாரிக்கு. அந்தக் காலத்தில் அந்த லாரியே ஓர் ஒலிப்பதிவுக் கூடம். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அப்படி ஒரு வண்டியைச் சொந்தமாகவே வைத்திருந்தது. 1971 டிசம்பரில் டீப் பர்ப்பிள் குழு சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூவில் அந்த வண்டியோடு பதிவுக்குக் காத்திருந்தபோதுதான், பதிவு நடக்கவிருந்த கட்டடமே தீப்பிடித்து எரிந்தது. ஏரியின் மேல் பரவிய புகையிலிருந்து ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாட்டு பிறந்தது.

லாரிக்குள் சுழல்கிறது நாடா. ஒரு சுருளில் 762 மீட்டர், அதாவது முக்கால் கிலோமீட்டர். நொடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடினால் 33 நிமிடத்தில் தீர்ந்துபோகும். பாட்டு நடுவில் நாடா தீர்ந்தால்? அதற்காகவே இரண்டு இயந்திரங்கள். ஒன்று முடியும் முன்பே மற்றொன்றை ஓடவிடுவார்கள். ஓட்டப் பந்தயத்தில் கோலைக் கைமாற்றுவது போல, இரண்டும் சிறிது தூரம் சேர்ந்தே ஓடும். டீப் பர்ப்பிள் 1972 ஆகஸ்டில் ஜப்பானில் பதித்த ‘மேட் இன் ஜப்பான்’ தொகுப்புக்கு நாடாவில் இருந்தவை எட்டே தடங்கள், அதாவது பக்கம்பக்கமாக ஓடும் தனித்தனி ஒலிக்கோடுகள். அது அந்த ஆண்டு டிசம்பரிலேயே வெளிவந்துவிட்டது. நல்ல கச்சேரிகள் எல்லாமே காத்துக் கிடப்பதில்லை.

நாடாவில் இசையைத் தாங்குவது எது தெரியுமா? துருவின் நெருங்கிய உறவுக்காரன். துறைமுகத்தில் நங்கூரச் சங்கிலியைத் தொட்டால் கையில் ஒட்டும் செம்பழுப்புத் தூளைப் போன்ற இரும்பு ஆக்சைடு. ஊசி வடிவத் துகள்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நீளந்தான். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். மின்சாரம் கூடக் குறைய, இந்தக் காந்தங்களின் திசை இப்படியும் அப்படியுமாகத் திரும்பி நிற்கிறது. நொடிக்குப் பத்தாயிரம் முறை அதிரும் ஒரு கீச்சொலியின் முழு அலை ஒன்று நாடாவில் பிடிக்கும் இடம், முடியின் தடிமனில் பாதி.

இந்தக் காந்தங்கள் சோம்பேறிகள். மெல்லிய ஒலிக்கு அசையவே அசையா. அதற்கும் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். நெல் அளக்கும்போது படியைக் குலுக்குவோம் இல்லையா? குலுக்கினால்தான் மணிகள் தத்தம் இடத்தில் அமரும். அதுபோல, நம் காதுக்கு எட்டும் எல்லையைப் போல ஐந்து மடங்கும் அதற்கு மேலும் வேகமான ஒரு மின்னதிர்வை இசையோடு கலந்து நாடாவுக்கு அனுப்புகிறார்கள். காந்தங்கள் குலுங்கி, இசை சொன்னபடி அமர்கின்றன. குலுக்கிய அதிர்வு நம் காதில் விழுவதே இல்லை.

சுற்றிவைத்த நாடா பெட்டிக்குள் சும்மா இருப்பதுமில்லை. ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் லேசாகப் பதிந்துவிடுகிறது. இதனால் பல ஆண்டுகள் கழித்துப் போட்டுக் கேட்கும்போது, டிரம் அடி விழுவதற்கு ஓரிரு நொடி முன்பே அதன் ஆவி மெதுவாகக் கேட்கும். இதற்கு வைத்தியம் எளிது: பதிவு முடிந்ததும் நாடாவைத் திருப்பிச் சுற்றாமல், வால்பக்கம் வெளியே இருக்கும்படி அப்படியே வைத்துவிடுவது. அப்போது அந்த ஆவி பெரும்பாலும் அடிக்குப் பின்னால் வரும். எதிரொலியோடு எதிரொலியாகக் கலந்து மறையும்.

இனி, இந்தத் துகள்களை நாடாவோடு பிடித்துவைக்கும் பசைக்கு வருவோம். அதற்கு முதலில் ஒரு முத்துச்சிப்பியைப் பார்க்க வேண்டும். ஏரலுக்கு அருகே இருக்கிறது கொற்கை. ஒரு காலத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகம். இன்று கடல் பல கிலோமீட்டர் கிழக்கே விலகிப்போய், வயலும் வாழையும் சூழ்ந்த ஊர். அங்கே மண்ணைத் தோண்டினால் பழைய சிப்பி ஓடுகள் கிடைக்கின்றன. முத்தும், முத்துச்சிப்பியின் உட்பூச்சும் எப்படிக் கட்டப்பட்டவை என்று நுண்ணோக்கியில் பார்த்தால் வியப்பு காத்திருக்கிறது. அரை மைக்ரான் தடிமனுள்ள கனிமத் தகடுகள் செங்கல் போல அடுக்கப்பட்டு, இடையில் சாந்தாக ஒரு புரதப் பசை. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாடாவின் கட்டுமானமும் இதற்கு வெகு தூரமில்லை: கிட்டத்தட்ட அதே அளவுத் துகள்கள், இடையில் பசை.

ஆனால் சிப்பி தன் சுவரில் பசைக்கு எடையில் ஐந்து சதவீதமே இடம் கொடுத்தது. மிச்சம் 95 சதவீதம் கல். நாடாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சுருளாக வளைய வேண்டும் என்பதால் அதற்குப் பசை தாராளமாக வேண்டும். 1970களின் நடுவிலிருந்து சில நிறுவனங்கள் பயன்படுத்திய பாலியூரித்தேன் பசைக்கு ஒரு பலவீனம் இருந்தது. காற்றின் ஈரத்தைக் குடித்தது. நீர் மூலக்கூறுகள் உள்ளே புகுந்து பசையின் நீளமான சங்கிலிகளை அறுத்தன. இதை ‘நீராற்பகுப்பு’ என்கிறது வேதியியல். நம் வாய்மொழியில், நமுத்துப் போதல். அப்படிப்பட்ட நாடாவை ஓடவிட்டால் பிசுபிசுக்கும், கிறீச்சிடும், நின்றே போகும். எல்லாவற்றிலும் மோசம், துகள்கள் உரிந்து இயந்திரத்தில் அப்பிக்கொள்ளும். உரிந்து விழும் அந்தப் பழுப்புத் தூள்தான் கச்சேரி.

மருந்து, மக்ரூன் அடுப்பு. 50 முதல் 55 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரமோ, அதற்கு மேலுமோ நாடாவை வைக்கிறார்கள். அக்னி நட்சத்திர வெயிலைவிடப் பதினைந்து டிகிரி அதிகம், அவ்வளவுதான். கூடினால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். குறைந்தால் ஈரம் போகாது. சமையலறை அடுப்புகளின் சூடு இந்த அளவுக்குச் சீராக இராது என்பதால், பழம் உலர்த்தும் சிறு மின்கருவியைப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. லெட் செப்பெலினின் மேடைக் காட்சிகளைத் தொகுத்து, அதே 2003 மே மாதத்தில் வந்த டிவிடிக்காகப் பழைய வீடியோ நாடாக்கள் சிலவற்றை இப்படித்தான் சூட்டில் வைத்து எடுத்தார்கள்.

நாடாவிலிருந்து எடுத்த தடங்களைக் கலந்து ஒரே இசையாக்குவது அடுத்த வித்தை. ‘ஹவ் த வெஸ்ட் வாஸ் வன்’ தொகுப்பில் அந்தப் பணியைச் செய்தவர் கெவின் ஷெர்லி. இரண்டு ஊர்களின் இரவுகளைக் காதுக்குத் தெரியாமல் ஒரே கச்சேரியாக்கினார்கள். பின்னாளில் அவர் கைக்கு இன்னும் கடினமான ஒரு வேலை வந்தது. 2008 பிப்ரவரி 1 அன்று அயர்ன் மெய்டன் குழு மும்பையில் தன் உலகச் சுற்றைத் தொடங்கியது. பாடகர் புரூஸ் டிக்கின்சனே ஓட்டிய போயிங் 757 விமானத்தில், 45 நாட்களில் 23 கச்சேரிகள். அதிலிருந்து 2009இல் வந்த ‘ஃபிளைட் 666’ தொகுப்பில் ஒவ்வொரு பாட்டும் ஒவ்வோர் ஊரில் பதிந்தது. முதல் பாட்டு, மும்பை. உலகமெங்கும் அந்தத் தொகுப்பைப் போடுகிறவர்கள் முதலில் கேட்பது இந்தியக் கூட்டத்தின் ஆரவாரத்தை.

ஆரவாரத்தைப் பிடிப்பதிலும் ஒரு சூட்சுமம். தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவில் தெரு நெடுகக் கூம்பு ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். நடந்துபோனால் ஒரே பாட்டு முன்னும் பின்னுமாக இரட்டையாய்க் கேட்கும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி இருப்பது பத்தில் ஒரு நொடி பிந்தி வரும். கூட்டத்துக்காகத் தூரத்தில் வைத்த மைக்கிலும் இதே கோளாறு: பாடகரின் குரல் அதில் தாமதமாக விழுந்து, பாட்டையே குழப்பிவிடும். எனவே அந்தத் தடத்தைச் சரியாக அந்தத் தாமத அளவுக்கு முன்னால் நகர்த்துகிறார்கள். ஆளில்லாத கூடத்தில் வாசித்ததுபோல் வறண்டு கிடந்த பதிவு, சட்டென்று ஆயிரக்கணக்கான பேர் மூச்சுவிடும் இடமாகிறது.

இன்று 48 தடங்களில் பதியும் இரண்டு மணி நேரக் கச்சேரி 50 ஜிபிக்குள் அடங்கிவிடும்; சட்டைப் பையில் போடும் பென்டிரைவ் போதும். ஆனால் பென்டிரைவ் கெட்டால் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ச்சேரும். நாடாவாவது கிறீச்சிட்டு ஆள் கூப்பிடுகிறது. அடுப்புக்குப் போகவும் வருகிறது.

எங்கள் கரையில் எத்தனை வீட்டுப் பரணில், கோயில் கொடையில் பதித்த வில்லுப்பாட்டும் நாகசுரமும் சுருளாகவும் கேசட்டாகவும் கிடக்கின்றனவோ. கேசட்டுக்கு இந்தப் பசை நோய் அரிது. கடலோர ஈரத்தில் அதன்மேல் வெள்ளைப் பூசணம்தான் பூக்கும். பழைய சுருள் கையில் ஒட்டினால் ஓட்டிப் பார்க்கக் கூடாது. தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். அடுப்பிலிருந்து வந்த பிறகும் அதற்குச் சில வாரங்களே அவகாசம். ஈரம் திரும்ப ஏறுமுன் நகலெடுத்தாக வேண்டும். மக்ரூன் டப்பாவைத் திறந்து போட்டுவிட்டு ஊர்சுற்றப் போகிறவர் தூத்துக்குடியில் யாருமில்லை.