வாடகைக்கு விடுறீங்களா? வீடு வாங்கப் போறீங்களா? தாம்பரம் பக்கத்து வீட்டுக்காரர்களே, உஷார்!

தாம்பரம் ரெயில் நிலையத்தில் இறங்கி மேற்கே போனாலும் சரி, கிழக்கே போனாலும் சரி, நாலு தெருவுக்கு ஒரு "டு-லெட்" போர்டு கண்ணில் படும். பக்கத்திலேயே "வீடு விற்பனைக்கு" என்று இன்னொரு போர்டு தொங்கும்.

1931-ம் ஆண்டு மே மாதம் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. "டவுனில் வேலை, தாம்பரத்தில் வீடு" என்ற பழக்கம் அதோடு வளர்ந்தது. பி.எப். பணம், பெண்டாட்டி நகை, பாங்கிக் கடன் எல்லாவற்றையும் போட்டு ஒரு வீடு கட்டுவார்கள். மாடியில் ஒரு போர்ஷன் எடுத்து வாடகைக்கு விடுவார்கள். ரிட்டயர் ஆன பிறகு அந்த வாடகைதான் சோறு போடும்.

2021 நவம்பர் 3-ந்தேதி தாம்பரம் மாநகராட்சி ஆனது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை பேரூராட்சிகளும் அதில் சேர்ந்தன. 2023 டிசம்பர் 30-ந்தேதி கிளாம்பாக்கம் பஸ் நிலையமும் திறக்கப்பட்டது. இப்போது வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி வரை ஒரே சென்னை மாதிரிதான்.

கிராக்கி இருக்கும் இடத்தில் புரோக்கர் இருப்பார். ஏமாற்றுகிறவரும் இருப்பார். ஒரே கையெழுத்தில் 30 வருஷ சம்பாத்தியம் போய்விடும். எதை எதைப் பார்க்க வேண்டும்?

வாய்ப்பேச்சு போதாது

"தெரிஞ்ச பையன்தான் சார், எழுத்து எல்லாம் எதுக்கு?" என்பார் புரோக்கர். கேட்காதீர்கள்.

1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக வந்த 2017-ம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22-ந்தேதி முதல் தமிழ்நாட்டில் அமலில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இதற்கென்று அரசு இணையதளம் இருக்கிறது. பதிவு ஆனதும் ஒரு நம்பர் கொடுப்பார்கள்.

11 மாதத்துக்கு மட்டும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொள்வது நம் ஊர் வழக்கம். ஒரு வருஷத்துக்கு மேல் போனால் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. ஆனால் 11 மாத ஒப்பந்தமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வது அவசியம். குடியிருப்பவர் காலி செய்ய மறுத்தாலோ, வாடகை பாக்கி வைத்தாலோ, உங்கள் கையில் இருக்கும் ஆயுதம் அந்தப் பதிவு நம்பர்தான்.

வாடகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், தண்ணீர்க் கட்டணம் யார், கரண்ட் பில் யார், வெள்ளை அடிப்பது யார், மோட்டார் ரிப்பேர் யார் செலவு... எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். காலி செய்யும் நாளில் நடக்கும் சண்டையில் பாதி, சுண்ணாம்புக்கும் குழாய்க்கும்தான்!

அட்வான்ஸ் எவ்வளவு?

"பத்து மாசம் அட்வான்ஸ்" என்பது சென்னையின் பழைய கணக்கு. புதுச் சட்டம் சொல்வது 3 மாத வாடகை. இரு தரப்பும் சம்மதித்து ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கொண்டால்தான் அதற்கு மேல் வாங்கலாம். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதாவது இருந்தால் கழித்துக்கொண்டு, மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும்.

"அட்வான்ஸைச் செலவு செஞ்சிட்டேன், அடுத்த ஆள் வந்தாத்தான் தருவேன்" என்பது எடுபடாது. வாங்கிய அட்வான்ஸை பாங்கியில் தனியாகப் போட்டு வையுங்கள். அது உங்கள் பணம் அல்ல.

வாடகையைக் கூட்டுவதானால் மூன்று மாதத்துக்கு முன்பே எழுத்து மூலம் சொல்ல வேண்டும். உங்கள் வீடே ஆனாலும், 24 மணி நேரத்துக்கு முன்பு எழுதித் தெரிவிக்காமல் உள்ளே நுழையக் கூடாது. கோபத்தில் தண்ணீரை நிறுத்துவது, பியூசைப் பிடுங்குவது எல்லாம் சட்ட விரோதம். வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும்.

யார் குடி வருகிறார்?

2012-ம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பெருங்குடியிலும் கீழ்க்கட்டளையிலும் அடுத்தடுத்து இரண்டு பாங்கிகளில் கொள்ளை நடந்தது. பிப்ரவரி 23-ந்தேதி அதிகாலையில், அந்த வழக்கில் தேடப்பட்ட 5 பேர் வேளச்சேரியில் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் தங்கியிருந்தது ஒரு வாடகை வீட்டில்.

அதன் பிறகுதான், குடியிருப்போர் விவரத்தை வீட்டுக்காரர்கள் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று சென்னை போலீசார் உத்தரவு போட்டார்கள். தாம்பரத்துக்கு 2022 ஜனவரி முதல் தனி போலீஸ் கமிஷனர் அலுவலகம் இருக்கிறது. குடி வருகிறவரின் போட்டோ, ஆதார் நகல், வேலை செய்யும் இடம், சொந்த ஊர் முகவரி ஆகியவற்றை வாங்கி, பக்கத்துக் காவல் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். தப்பாக நினைக்க மாட்டார்கள். நல்லவர் என்றால் தாராளமாகத் தருவார்.

லீஸ் மோசடி

வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் வீட்டுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒருவர் வருவார். "உங்க வீட்டை நாங்களே எடுத்துக்கறோம். மாசா மாசம் வாடகை டாண்ணு வந்திடும், கவலையே வேணாம்" என்பார். வீட்டுக்காரரும் சாவியைக் கொடுத்துவிடுவார். அந்த ஆள் அதே வீட்டை இன்னொரு குடும்பத்துக்கு சில லட்சங்களுக்கு லீசுக்கு விடுவார். கொஞ்ச நாள் வீட்டுக்காரருக்கு வாடகை ஒழுங்காக வரும். பிறகு ஆளும் இருக்க மாட்டார், போனும் எடுக்காது.

வீட்டுக்காரர் பதறிப்போய் வந்து பார்த்தால், வாசலில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் நிற்கும். "லட்சக்கணக்கில் கொடுத்திருக்கோம் சார், நாங்க எங்கே போவோம்?" என்று அழும். இரண்டு பக்கமும் நியாயம். பணம் மட்டும் இல்லை. சென்னையில் இப்படிப் பல புகார்கள் போலீசுக்கு வந்திருக்கின்றன.

தடுக்கும் வழி சுலபம். நடுவில் ஆள் வேண்டாம். யார் குடியிருக்கப் போகிறாரோ அவரோடு நேரில் ஒப்பந்தம் போடுங்கள். "உள்வாடகைக்கு விடக் கூடாது" என்று ஒரு வரி எழுதுங்கள். லீசுக்குப் போகிறவர்களும், பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கையில் மட்டுமே பணம் கொடுக்க வேண்டும்.

வாங்குகிறவர் பார்க்க வேண்டியது

முதலில் மூலப் பத்திரம். ஜெராக்ஸ் போதாது, அசலைக் கண்ணால் பாருங்கள். அசலை யாரிடமாவது அடகு வைத்து, அதைப் பதிவு செய்யாமல் பணம் வாங்கியிருந்தால், வில்லங்கச் சான்றிதழில் அது தெரியாது.

அடுத்து வில்லங்கச் சான்றிதழ். பதிவுத் துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பிறகு பட்டா. கரண்ட் கனெக்சனும் வீட்டு வரி ரசீதும் மட்டும் இருந்தால் சொத்து சொந்தமாகிவிடாது.

பத்திரத்தில் மாவட்டத்தின் பெயர் மாறியிருந்தால் பயப்பட வேண்டாம். தாம்பரம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் செங்கல்பட்டு மாவட்டம் என்று இருக்கும், செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்றும் இருக்கும். 1997-க்குப் பிறகு காஞ்சிபுரம். 2019 நவம்பர் முதல் மறுபடியும் செங்கல்பட்டு. சர்வே நம்பரும் நாலு பக்க எல்லையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதுதான் முக்கியம்.

"பவர்" வைத்து ஒருவர் விற்றால் இரட்டிப்பு ஜாக்கிரதை தேவை. பவர் எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவர் இறந்துவிட்டால் பவரும் செத்துப்போகும். பவர் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் சொத்துக்கு உரிமை கொண்டாட முடியாது என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பே சொல்லியிருக்கிறது.

மனை என்றால் அப்ரூவல் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை ஐகோர்ட்டு தடை போட்டது. 2016 அக்டோபர் 20-ந்தேதிக்கு முந்தைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் அரசு விதிகள் கொண்டு வந்தது. வரன்முறை ஆன உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள். "ஆயிடும் சார்" என்ற பதிலுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஏரி எங்கே இருந்தது?

தென்சென்னைப் புறநகரில் வீடு வாங்குகிறவர் கேட்க வேண்டிய பெரிய கேள்வி இது.

2015 டிசம்பர் 1, 2-ந்தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையே சுமார் 140 செ.மீ.தான். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளம் மூழ்கியது. ஜனங்களைப் படகில் மீட்டார்கள். பீரோவில் இருந்த வீட்டுப் பத்திரம் நனைந்து கூழாகிப் போனவர்கள் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதே இடங்களில் வெள்ளம்.

காரணம் ரகசியம் அல்ல. மேற்கே அடையாறு போகிறது. கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிகள் சங்கிலி மாதிரி இருக்கின்றன. ஒன்று நிரம்பி அடுத்ததற்குப் போய், கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் தண்ணீர் சேரும். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த நிலம் அது. நடுவில் கால்வாய் அடைபட்டால் தண்ணீர் தெருவில் நடக்கும். தெருவை விடத் தாழ்ந்த வீட்டுக்குள் புகுந்துவிடும்.

கிராம வரைபடத்தையும் "அ" பதிவேட்டையும் எடுத்து, அந்த சர்வே நம்பர் ஏரியா, வாய்க்காலா, மேய்க்காலா என்று பாருங்கள். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. எத்தனை வருஷம் குடியிருந்தாலும் ஏரி நிலம் ஏரி நிலம்தான்.

விற்கிறவருக்கு

பாங்கிக் கடனை அடைத்துவிட்டால் மட்டும் போதாது. கடன் தீர்ந்த ரசீதைப் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் வில்லங்கத்தில் கடன் அப்படியே நிற்கும். வாங்க வருகிறவர் ஓடிவிடுவார்.

அப்பா காலத்துச் சொத்து என்றால் வாரிசு சான்றிதழ் எடுத்து, அண்ணன் தம்பியோடு அக்கா தங்கச்சி கையெழுத்தும் வாங்குங்கள். "கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே" என்பது கோர்ட்டில் நிற்காது. தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுக்க 2005-லும் பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குப் பங்கு தரச் சட்டம் திருத்தப்பட்டது.

விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். ரொக்கமாக 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ வாங்காதீர்கள். வருமான வரித் துறை அதே அளவு அபராதம் போடலாம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வாங்குகிறவர் 1 சதவீத வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும்.

வாங்குகிறவர் பத்திரச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு நாலரை லட்சம் ஆகிறது! பில்டரிடம் புதிதாக வாங்கும் பிளாட்டுக்குக் கணக்கு வேறு. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு.

மழை நாளில் போங்கள்

வீடு பார்க்க எல்லோரும் வெயில் காலத்தில்தான் போகிறார்கள். அப்போது எந்தத் தெருவும் நன்றாகத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். எதிர்வீட்டுக்காரரிடம், "2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். மூலைக் கடைக்காரரிடமும் கேளுங்கள்.

புரோக்கர் மழுப்புவார். சுவரில் இருக்கும் கறை மழுப்பாது. புதிதாக பெயின்ட் அடித்திருந்தால், பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள்!