மூச்சுக்கு மாத வாடகை

2007-இல் நான் சென்னையில் ஏ.ஆர். காலராக வேலைக்குச் சேர்ந்தபோது முதல் வாரம் முழுக்க ஒரே ஒரு படிவத்தைத்தான் படித்தோம். அதன் பெயர் சி.எம்.எஸ்-484. அமெரிக்காவில் ஒரு முதியவர் வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொண்டால், அதற்கு அந்நாட்டு அரசின் முதியோர் காப்பீடான மெடிகேர் பணம் தர அந்தப் படிவம் வேண்டியிருந்தது. பயிற்சி கொடுத்த அண்ணன், "பி பிரிவை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்கம்மா, மத்ததெல்லாம் பழகிடும்" என்றார். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்தப் பிரிவின் கேள்விகளை வரிசையாகச் சொல்லிவிடுவேன்.

ஏ.ஆர். காலர் வேலையைத் தெரியாத தெரு சென்னையிலும் திருச்சியிலும் கோவையிலும் குறைவு. அமெரிக்க மருத்துவர்களும் மருத்துவக் கருவி விற்பவர்களும் காப்பீட்டுக்காரர்களுக்கு அனுப்பிய பில்லுக்குப் பணம் ஏன் வரவில்லை என்று இங்கிருந்து இரவெல்லாம் போன் போட்டுக் கேட்கிற வேலை அது. மாலை ஆறரைக்கு கேப் வரும்; திரும்பி வீடு சேரும்போது பால்காரர் வந்துவிட்டிருப்பார். என்னைப் போட்டது வீட்டு மருத்துவக் கருவிகள் பிரிவில். சக்கர நாற்காலி, கட்டில், தூக்கத்தில் மூச்சு நிற்பவர்களுக்கான சிபேப், எல்லாவற்றுக்கும் மேலே ஆக்சிஜன். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டருக்கு பில்லில் ஈ1390 என்று குறியீடு. என் இளமையில் பாதி அந்த எண்ணோடு போயிற்று.

பி பிரிவு கேட்டது இதுதான்: ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு எவ்வளவு, எந்தத் தேதியில் பார்த்தது, நோயாளி உட்கார்ந்திருக்கும்போதா, நடக்கும்போதா, தூங்கும்போதா, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர். தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 55 அல்லது அதற்குக் கீழே, இல்லையென்றால் செறிவு 88 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இருந்தால் பணம் உண்டு. அதற்கு ஒரு படி மேலே, 56 முதல் 59 வரை இருந்தால், கால் வீக்கம், இதயத்தின் வலப்பக்கக் கோளாறு, ரத்தம் கெட்டிப்படுதல் இவற்றில் ஒன்றையும் காட்ட வேண்டும். கருவி தருகிற கடைக்காரர் அந்தப் பிரிவில் பேனா வைக்கக் கூடாது. மருத்துவர் தரப்புதான் நிரப்ப வேண்டும். தகுதிப் பரிசோதனையையும் கடைக்காரர் செய்யக் கூடாது. விற்பவரே அளந்தால் எல்லோருக்கும் 88-தான் வரும் என்ற அச்சத்தில் போட்ட விதி. சரியான விதி.

இந்த 55 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று முதல் இரண்டு ஆண்டு எனக்குத் தெரியாது. பிறகு தேடிப் படித்தேன். 1980-இல் அமெரிக்காவில் நுரையீரல் நோயாளிகள் 203 பேரை இரண்டாகப் பிரித்து ஓர் ஆய்வு நடத்தி முடித்திருந்தார்கள். ஒரு சாராருக்கு நாள் முழுக்க ஆக்சிஜன், மற்றவர்களுக்கு இரவில் மட்டும். இரவு மட்டும் பெற்றவர்களில் இறப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த ஆய்வில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களின் ரத்த அளவுதான் 55. ஆராய்ச்சியாளர்கள் வாசலில் வைத்த அளவுகோல் அப்படியே காப்பீட்டு விதியாக நின்றுவிட்டது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் படிவத்தை நான் பார்த்த விதமே மாறியது. 203 பேர் மூச்சு திணறித் தந்த எண் அது.

அன்று எங்கள் பாடு ஃபேக்ஸோடுதான். மருத்துவர் அலுவலகத்துக்குப் படிவம் போகும். பி பிரிவு காலியாகத் திரும்பி வரும். தேதி விட்டுப்போகும். கையெழுத்து இருக்கும், தேதி இராது. "நடக்கும்போது" என்று குறித்திருந்தால் மூன்று எண்கள் வேண்டும்: சும்மா இருக்கையில் ஆக்சிஜன் இல்லாமல், நடக்கையில் ஆக்சிஜன் இல்லாமல், நடக்கையில் ஆக்சிஜனோடு. மூன்றாவது எண் இல்லையென்றால் ஆக்சிஜன் பயன் தந்தது என்பதற்குச் சான்று இல்லை. இரண்டு எண்ணோடு வந்த கோப்புகள் எத்தனை மறுக்கப்பட்டன என்று சொல்லி முடியாது. ஓஹையோவிலோ டென்னஸியிலோ ஒருவர் வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதற்கான பணம் மட்டும் இங்கே எங்கள் திரையில் மறுப்பாக நிற்கும்.

பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இந்தக் கருவியை மெடிகேர் விலைக்கு வாங்கித் தருவதில்லை. மாத வாடகை கொடுக்கிறது. குழாய், மூக்கில் மாட்டும் கேனுலா, பழுது பார்ப்பது எல்லாம் அந்த வாடகைக்குள் அடக்கம். 80 சதவீதம் மெடிகேர், 20 சதவீதம் நோயாளி அல்லது அவருடைய துணைக் காப்பீடு. நான் சேர்ந்த காலத்தில் மாதம் சுமார் 200 டாலர். 2006-இல் அந்நாட்டு சுகாதாரத் துறையின் தணிக்கைப் பிரிவு ஒரு கணக்கை வெளியிட்டது. சராசரியாக 587 டாலருக்குக் கிடைக்கும் கான்சன்ட்ரேட்டருக்கு 36 மாதத்தில் 7,215 டாலர் வாடகை போகிறது. அதில் நோயாளியின் பங்கு மட்டுமே 1,443 டாலர். கருவியின் விலையைப் போல இரண்டரை மடங்கை நோயாளியே தன் கையிலிருந்து கொடுத்துவிடுகிறார். வீட்டுக்கு ஆள் அனுப்பும் செலவு, நள்ளிரவில் கூப்பிட்டால் ஓடுகிற செலவு இதில் சேரவில்லை என்று கடைக்காரர்கள் வாதாடினார்கள். அதிலும் உண்மை இருந்தது. என்றாலும் அந்த இடைவெளியை எந்த வாதமும் மூட முடியாது.

36 மாதம் என்ற வரம்பு 2005-ஆம் ஆண்டின் ஒரு சட்டத்தால் வந்தது. அதற்கு முன் தேவை இருக்கும்வரை வாடகை போய்க்கொண்டே இருக்கும். அந்தச் சட்டத்தில் இன்னொரு வாசகமும் இருந்தது: 36 மாதம் முடிந்ததும் கருவி நோயாளிக்கே சொந்தம். முதல் ஆட்களுக்கு அது கைக்கு வர வேண்டிய நாள் 2009 ஜனவரி 1. ஆனால் 2008-இல் வந்த சட்டம் அந்த வாசகத்தை எடுத்துவிட்டது. வாடகை நிற்கும், கருவி கடைக்காரருடையதாகவே இருக்கும், ஐந்து ஆண்டு முடியும்வரை அவர் பராமரிக்க வேண்டும் என்று ஏற்பாடு மாறிற்று.

அந்தச் சமயத்தில் சில மாதம் நோயாளிகளுடன் நேரடியாகப் பேசும் பிரிவில் இருந்தேன். கென்டக்கியிலிருந்து ஒரு பாட்டி. குரலுக்குப் பின்னால் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "மாதா மாதம் 40 டாலர் கட்டுகிறேன் கண்ணு, இது எப்போது எனக்குச் சொந்தமாகும்?" என்று கேட்டார். சட்டம் மாறிவிட்டது, சொந்தமாகாது என்றேன். கொஞ்ச நேரம் மெஷின் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, "என் வீட்டுக்காரர் ஒரு டிராக்டரையே தவணையில் வாங்கி முடித்தார்" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பிறகு ஏலமுறை வந்தது. குறைந்த வாடகைக்குத் தர ஒப்புபவர்களுக்கே அந்தந்த ஊரில் மெடிகேர் ஒப்பந்தம். 2011-இல் ஒன்பது பகுதிகளில் தொடங்கி, 2013 ஜூலையில் நூறு பகுதிகளுக்குப் பரவியது. அங்கெல்லாம் வாடகை பாதியளவுக்குச் சரிந்தது. அரசுக்கு மிச்சம்தான். ஆனால் சிறிய ஊர்களில் அப்பனும் பிள்ளையுமாக நடத்திய கடைகள் ஒவ்வொன்றாக எங்கள் வாடிக்கையாளர் பட்டியலிலிருந்து காணாமல் போனதைக் கண்ணால் பார்த்தேன். நிமிடத்துக்கு ஆறு லிட்டர், எட்டு லிட்டர் என்று நிறையத் தேவைப்படுபவர்களுக்கு வெளியே நடமாட வசதியானது திரவ ஆக்சிஜன். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் செலவு கட்டவில்லை என்று கடைகள் அதைக் கைவிட்டன. அந்த நோயாளிகள் வீட்டோடு முடங்கினார்கள். மிச்சப்பட்ட பணத்தைச் சொல்லும் எந்தக் கணக்கிலும் இந்த முடக்கத்தையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

இன்று அந்தப் படிவம் இல்லை. 2023 ஜனவரி 1 முதல் சி.எம்.எஸ்-484 ஒழிக்கப்பட்டது. ஃபேக்ஸ் போய் இணையதளக் கணக்கு வந்துவிட்டது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு 496 என்று இருந்த குறியீடு 2015 அக்டோபரில் ஜே44.9 ஆனது. அதே 2023-இல் என்1, என்2, என்3 என்று புதிய குறிகள் வந்தன; எந்தத் தகுதிப் பிரிவில் நோயாளி வருகிறார் என்பதை அவை சொல்லும். புதிதாகச் சேரும் பிள்ளைகள் படிவம் ஒழிந்தது நல்லது என்கிறார்கள். நான் முழுதாக ஒப்புக்கொள்வதில்லை. படிவம் போனதே தவிர, அது கேட்ட கேள்விகள் போகவில்லை. முன்பு ஒரே பக்கத்தில் கேட்டதை இன்று மருத்துவர் எழுதிய குறிப்புகளுக்குள் தேட வேண்டியிருக்கிறது. "மூச்சுத் திணறல் உள்ளது, ஆக்சிஜனைத் தொடரவும்" என்று மட்டும் எழுதியிருந்தால் மறுப்புதான். அளந்த எண்ணும் தேதியும், நடக்கும்போது அளந்ததென்றால் மூன்று எண்களும், அந்தக் குறிப்பில் இருக்க வேண்டும். இதோடு, மெடிகேர் பெறுபவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இன்று தனியார் நடத்தும் அட்வான்டேஜ் திட்டங்களில் இருக்கிறார்கள். அங்கே பல கருவிகளுக்கு முன் அனுமதி கேட்கிறார்கள். அமெரிக்காவில் அப்பா, அம்மாவை வைத்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் ஒன்று செய்யுங்கள்: மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போதே அந்த எண்கள் குறிப்பில் ஏறியிருக்கின்றனவா என்று கேட்டு, ஒரு பிரதி வாங்கி வையுங்கள்.

2021 மே மாதத்தை என்னால் தனியாக எழுத முடியும். சென்னையில் அரசு மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. ஆக்சிஜன் கட்டில் எங்கே கிடைக்கும் என்று வாட்ஸ்அப் முழுக்கக் கெஞ்சல். நான் வீட்டுக் கூடத்தில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, பூமியின் அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மெஷின்களின் வாடகையை விசாரித்துக்கொண்டிருந்தேன். பெருந்தொற்றுக் காலத்தில் அங்கே ஆக்சிஜனுக்கான மருத்துவ நிபந்தனைகளைக்கூடத் தளர்த்தியிருந்தார்கள்.

அடுத்த ஆண்டு அப்பாவுக்கே ஆக்சிஜன் தேவை வந்தது. ஆரணியில் நாற்பது ஆண்டு அரிசி ஆலை. உமிப் புகையும் தவிட்டுத் தூசியும் சேர்ந்த நுரையீரல். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது டாக்டர் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர், நாளைக்கு 16 மணி நேரம் என்று எழுதினார். மெஷினை வாடகைக்கு எடுத்தோம். 16 மணி நேரம் ஓடினால் நாளைக்கு ஐந்து யூனிட் மின்சாரம், இரண்டு மாதத்துக்கு 300 யூனிட். கரண்ட் போனால் பயன்படுத்த ஒரு சிலிண்டர்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு நான் தயாரித்து அனுப்பியதைப் போல ஒரு கோப்பை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். ரத்தப் பரிசோதனை, உட்கார்ந்த எண், நடந்த எண், ஆக்சிஜனோடு நடந்த எண், தேதி, கையெழுத்து எல்லாம் இருந்தன. ஒரு வரியில் பதில் வந்தது: கொடுக்கப்படாத பொருள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பட்டியல் ஒன்றை இணைத்திருந்தார்கள். மொத்தம் 68 பொருள்கள். சலவைக் கட்டணம், தொலைக்காட்சிக் கட்டணம், ஜெராக்ஸ், டயப்பர். அவற்றோடு 35-வதாக, மருத்துவமனைக்கு வெளியே பயன்படுத்தும் ஆக்சிஜன் சிலிண்டர். சிலிண்டர் என்றுதான் அதில் இருக்கிறது. மெஷினுக்கும் அதையே காட்டினார்கள். வீட்டிலேயே சிகிச்சை பெறுவதற்கு மெடிகிளைம் பாலிசிகளில் நெடுங்காலமாக ஒரு பிரிவு உண்டு. அதன் விலக்குப் பட்டியலில் ஆஸ்துமாவும் மூச்சுக்குழல் அழற்சியும் பெயரோடு நிற்கின்றன.

அப்பாவிடம் சொன்னபோது, "அமெரிக்காக்காரனுக்கெல்லாம் நீ வாங்கிக் குடுக்கிறியே தாயி, நமக்கு ஒண்ணும் வராதா?" என்றார். குறையாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நம் நாட்டிலும் வழி தெரியாமல் இல்லை. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு அவர்களுடைய மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். முன் அனுமதியோடு இந்தக் கருவிக்குப் பணம் தருகிறது. 2020 ஜூலையில் வந்த கொரோனா கவச் பாலிசியில் வீட்டுச் சிகிச்சைக்கு 14 நாள்வரை ஆக்சிஜன் சிலிண்டர், ஆக்சிமீட்டர், நெபுலைசர் செலவு சேர்க்கப்பட்டது. அதை வகுத்ததும் இதே ஐ.ஆர்.டி.ஏ.ஐ.தான். அமெரிக்க முறையின் குறைகளை இத்தனை ஆண்டு உள்ளிருந்து பார்த்தவள் நான்; அதை அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. ரத்த அளவைக் காட்டினால் மாத வாடகைக்கு ஒரு தொகை, ஆண்டுக்கு ஒரு முறை மறுபரிசோதனை, அளவெடுப்பவர் விற்பவராக இருக்கக் கூடாது என்ற ஒரே கண்டிப்பு. இவ்வளவு போதும். முதல் வேலையாக, அந்தப் பட்டியலிலிருந்து 35-வது எண்ணை எடுங்கள்.