கடைக் கணக்கும் கணனியின் மூளையும்

பாரிஸ் லாச்சப்பலில் மளிகைப் பொருட்களை மொத்தமாக விற்கும் நண்பரொருவர் அண்மையில் எம்மை அழைத்திருந்தார். பன்னிரண்டு பணியாளர்கள், மூன்று கருமபீடங்கள். இருப்புக் கணக்கு, கடன் கணக்கு யாவும் பழைய மேசைக்கணனி ஒன்றில். அது தள்ளாடத் தொடங்கியதால், சேர்வர் எனப்படும் வழங்கிக் கணனி வாங்குவதற்கென்று சீட்டையும் கழிவுக்கு எடுத்துவிட்டார். விற்பனை நிறுவனமொன்று கொடுத்திருந்த விலைப்பட்டியலை அரிசி மூட்டைகளின் மேல் விரித்தார். இரண்டு செயலிகள், ஒவ்வொன்றிலும் 16 கோர், ஆக 32.

“சேர், இவ்வளவும் எங்களுக்குத் தேவையோ?”

சனிக்கிழமை மாலை, கடை நெரிசலில் திணறிக்கொண்டிருந்த வேளையில், பழைய கணனியின் செயலி எவ்வளவு உழைக்கின்றது என்பதைத் திரையில் பார்த்தோம். ஐந்திலொரு பங்குக்கு மேல் அது எழவேயில்லை. நினைவகமோ நிரம்பி வழிந்தது. வன்தட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நோய் காலில் இருக்கத் தலைக்கு மருந்து எழுதப்பட்டிருந்தது.

கோர் என்பது கருமபீடத்தில் நிற்கும் ஒரு பணியாளனைப் போன்றது. சனம் கூடினால் பத்துக் கருமபீடங்கள் உதவும். ஆனால் நீண்ட பட்டியலோடு வந்த ஒருவருடைய பற்றுச்சீட்டு, பக்கத்தில் இன்னும் ஒன்பது கருமபீடங்களைத் திறப்பதால் விரைந்து முடியாது. சிறு நிறுவனங்களின் கணக்கு மென்பொருள் பெரும்பாலும் அப்படித்தான்: ஒரு பற்றுச்சீட்டை ஒரு கோரே முடித்துக் கொடுக்கின்றது. ஆகவே கோர்களின் தொகையைக் காட்டிலும் ஒவ்வொரு கோரின் வேகமே இங்கு பெரிது.

இத்தகைய இடங்களுக்கென்றே சிறிய செயலிகள் உள்ளன. இன்ரெல் நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட சீயோன் ஈ-2400 வரிசையில் ஆகக்கூடியது 8 கோர். 4 கோர் கொண்ட ஈ-2434, 5 கிகாஹேட்ஸ் வரை ஓடும்; அதன் வெப்ப அளவு 55 வாட். ஏ.எம்.டி. நிறுவனம் 2024 மே மாதத்தில் எப்பிக் 4004 வரிசையை 4 முதல் 16 கோர் வரை கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் எப்பிக் 4005 வந்தது. ஒரே பெட்டிக்குள் பல மெய்நிகர் கணனிகளை ஓட்டுபவர்களுக்கு 8 அல்லது 12 கோர் பயன்படும். எமது நண்பருக்கு அது வேண்டியதில்லை.

விலைப்பட்டியலின் மூன்றாம் பக்கத்தில் இன்னொரு சுமை ஒளிந்திருந்தது. விண்டோஸ் சேர்வர் மென்பொருளின் உரிமம் 2016 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து கோர்களை எண்ணி விற்கப்படுகின்றது. 4 கோர் இருந்தாலும் குறைந்தது 16 கோருக்கு வாங்கியாக வேண்டும். 32 என்றால் இரண்டு மடங்கு. தேவையற்ற கோருக்கு ஒருமுறை கடையிலும் மறுமுறை உரிமத்திலுமாகப் பணம் போகின்றது. 25 பேருக்கு உட்பட்ட சிறு நிறுவனங்களுக்கென ‘எசென்ஷியல்ஸ்’ என்ற மலிவான பதிப்பும் உண்டு. அது 10 கோருக்கு மேல் ஏற்காது. இதனை விற்பனையாளர் வாயே திறக்கவில்லை.

மின்சாரத்தையும் மறக்கலாகாது. இரவு பகலாக ஓடும் கருவி 100 வாட் கூடுதலாக இழுத்தால் ஆண்டுக்கு 876 அலகுகள்.

நண்பரின் மருமகன் கணனி விளையாட்டில் வல்லவர். “மாமா, விளையாட்டுக் கணனி ஒன்றே போதும், இதைவிட வேகம்” என்றார். வேகத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது பொய்யன்று. குறை வேறிடத்தில் உள்ளது.

2003 மே மாதத்தில் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில் மின்னணு வாக்களிப்பின்போது வேட்பாளரொருவருக்கு 4096 வாக்குகள் மிகையாக விழுந்திருந்தன. கிடைத்திருக்கவே முடியாத தொகை என்பதாலேயே அது பிடிபட்டது. 4096 என்பது பன்னிரண்டு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வரும் எண். நினைவகத்தில் ஒரேயொரு பூச்சியம் ஒன்றாக மாறியிருக்க வேண்டும் என்றே கொள்ளப்பட்டது. விண்ணிலிருந்து வரும் துகளொன்று கூட அவ்வாறு செய்ய வல்லது. நண்பரின் கடன் கொப்பியில் அப்படியோர் இலக்கம் புரண்டால், யாருக்கும் கிடைக்க முடியாத தொகை என்று எவர் கண்டுபிடிப்பார்?

இதற்கான காப்பே ஈ.சி.சி. எனப்படும் பிழைதிருத்தும் நினைவகம். 64 பிற்றுக்கு 8 பிற்றுகளைக் காவலாக வைத்து, ஒரு பிழையைத் திருத்தும். இரண்டைக் கண்டு எச்சரிக்கும். மேலே சொன்ன சிறு செயலிகள் யாவும் இதனை ஏற்கின்றன. வீட்டுக் கணனிகள் பலவற்றில் இவ்வசதி இல்லை. டி.டி.ஆர்.5 நினைவகத்தில் அது தானாகவே உண்டென்று விற்பனையாளர் சிலர் சொல்வதுண்டு. அது சில்லுக்குள் மட்டும் நிகழும் திருத்தம். சில்லிலிருந்து செயலிக்குப் போகும் வழியை அது காக்காது. வாங்கும்போது ஈ.சி.சி. என்று எழுத்திலேயே கேட்க வேண்டும்.

நண்பர் இறுதியில் 4 கோர் செயலியும் 32 கிகாபைற் ஈ.சி.சி. நினைவகமும் கொண்ட பெட்டியை வேறிடத்தில் வாங்கினார். வேகமான இரண்டு வட்டுகள் அதற்குள் ஒன்றையொன்று பிரதிசெய்கின்றன. எஞ்சிய காசில் பிரதி எடுப்பதற்கென வெளிவட்டுகள் இரண்டு. ஒன்று கடையில் இருக்க, மற்றது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மனைவியின் கைப்பையில் வீட்டுக்குப் போகின்றது.