வரியைக் குறைத்தால் கடன் கூடுமா?

வரி குறைந்தால் மக்கள் கையில் பணம் மிஞ்சும், வியாபாரம் வளரும், அதனால் அரசின் வருமானமும் உயரும். 2019 இறுதியில் நம் நாட்டில் வரிகளைக் குறைத்தவர்கள் இப்படித்தான் கணக்குப் போட்டார்கள். டிசம்பர் 1 முதல் வற் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமானது. உழைக்கும்போதே செலுத்தும் வரி 2020 ஜனவரியில் நீக்கப்பட்டது.

கணக்குப் பிழைத்தது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 12 வீதமாக இருந்த வரி வருமானம் 2020இல் ஏறத்தாழ 8 வீதமாகச் சுருங்கியது. கொரோனாவும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனால் அரச ஊழியர் சம்பளம், ஓய்வூதியம், பழைய கடனின் வட்டி எதுவும் குறையவில்லை. இடைவெளியை நிரப்ப அரசு மேலும் கடன் வாங்கியது. மத்திய வங்கி பணம் அச்சிட்டது. நம் கடன்தரம் இறங்கியதால் வெளிநாட்டுச் சந்தையில் கடன் கிடைக்கவில்லை. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை அரசு இடைநிறுத்தியது.

பிறகு வற் வரி படிப்படியாக ஏறி, 2024 ஜனவரியில் 18 வீதமானது. எங்கள் ஜிந்துப்பிட்டியிலிருந்து புறக்கோட்டைக்கு மூட்டை சுமக்கப் போகும் நாட்டாமி, சம்பள வரி கட்டும் அளவுக்கு ஒருநாளும் உழைத்ததில்லை. அந்த வரி நீங்கியதால் அவருக்கு ஒரு ரூபாயும் மிஞ்சவில்லை. இன்றோ சவர்க்காரம் வாங்கும்போதும் அவர் வற் வரி கட்டுகிறார்.

செலவைக் குறைக்காமல் வரியை மட்டும் குறைத்தால், அந்த இடைவெளி கடனாகவே வந்து நிற்கும். நாளை வாக்களிக்கப் போகும் நாம், வரி குறைப்போம் என்பவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: எந்தச் செலவைக் குறைப்பீர்கள்? மீதியை யாரிடம் வாங்குவீர்கள்?